எட்டு ஓட்டைப் பெட்டியும் தாடியம்மாவும்

எட்டு ஓட்டை உள்ள ஒரு பெட்டி கையில் கிடைத்துவிட்டால், எட்டிலும் எதையாவது செருகிப் பார்க்காமல் மனிதனுக்குச் சோறு இறங்காது. இது எல்லாருக்கும் பொதுவான உண்மை என்றுதான் இதுவரை நம்பிவருகிறேன். இல்லை, உனக்கு மட்டும்தான் அப்படி என்று யாராவது சொன்னால், அந்தக் குப்பத்தில் ஊர் முழுக்க நின்று சிரித்த சிரிப்பும் எனக்கு மட்டுமே சொந்தமாகிவிடும். அதைத் தனியாகச் சுமக்க என்னால் ஆகாது.

ஊரே செல்போனில் காலர் ட்யூன் வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் 'ரெக்கார்டிங் ஸ்டூடியோ' என்று எழுதிவைத்திருந்தேன். (உள்ளே வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி, "முட்டை எல்லாம் எங்கப்பா?") அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், கம்ப்யூட்டரின் முதுகில் மைக் செருகுவதற்கு ரோஸ் நிறத்தில் ஓர் ஓட்டை. அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. அந்த ஓட்டை வழியாக எதைப் பதிவு செய்தாலும் பின்னால் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் சேர்ந்தே வரும். தாம்பரத்து பிரியாணிக் கடை விளம்பரம், டியூஷன் சென்டர் விளம்பரம், படப்பையில் வண்டியில் காய்கறி விற்பவருக்குக் கூவல் என்று பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அந்த முனகல் இலவசம்.

ஆகவே இன்டர்ஃபேஸை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து குரலை உள்ளே கொண்டுபோகும் பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். அதுவரை அந்த ரோஸ் ஓட்டைதான் என் இன்டர்ஃபேஸ். இனி எட்டு மைக் ஒரே நேரத்தில் மாட்டக்கூடிய நிஜமான பெட்டி. சிங்கப்பூரில் இருந்த மச்சானிடம், அதாவது என் அக்கா கணவரிடம், மூன்று மாதம் கெஞ்சி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

வீட்டில் இதைச் சொன்ன அன்றே தகராறு ஆரம்பம். எங்கள் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்சந்தில் மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓடவிடுகிற வேலை. அவருக்கு 'பேஸ்' என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் மூன்று பேஸில் வரும். வெயில் காலத்தில் ஒன்று படுத்துவிடும். விசிறி ஊர்ந்து சுற்றும். உடனே அம்மா மாடிப்படியில் நின்று "பேஸ் மாத்துங்க!" என்று குரல் கொடுப்பார். அத்தா போய் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சைத் திருப்புவார். வேறு பேஸிலிருந்து கரண்ட் வந்து விசிறி வேகமெடுக்கும்.

"அத்தா, நான் இன்டர்ஃபேஸ் மாத்தப் போறேன்."

"ஏன், கரண்ட் நல்லாத்தானே வருது?"

"அந்த பேஸ் இல்லத்தா. இது பாட்டு உள்ள போற பெட்டி. எட்டு இன்புட்."

"எட்டு பேஸா?" என்று அத்தா ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாழ்நாள் முழுக்க மூன்றுக்கு மேல் பார்க்காத மனிதர். "கம்ப்யூட்டர்ல எதுலடா மாட்டுவே?"

"ஃபயர் ஒயர்னு ஒரு கேபிள்ல."

"ஃபயரா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்துவிட்டார். "மாடியில அட்டையா ஒட்டி வெச்சிருக்கான், இப்ப ஃபயர் வேற கொண்டாறானாம்!"

மச்சான் நான்கு லுங்கிக்குள் சுருட்டி அதைக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டார்களாம். "மாமனாருக்கு பேஸ் மெஷின்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

பெட்டியைப் பிரித்த நாளை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. கறுப்பு உலோக முகம். வரிசையாக எட்டு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பச்சை விளக்கு. மைக்கை மாட்டி, காதில் ஹெட்போனை வைத்து வால்யூமைத் திருகினேன். முனகலைக் காணோம்! அந்த இடத்தில் ஓர் அமைதி. அந்த அமைதிக்குள்ளே என் மூச்சு, கீழே சுவர்க் கடிகாரம், மீனம்பாக்கத்தில் இன்னும் தரையை விட்டுக் கிளம்பாத விமானம், அடுத்த வீட்டில் வெங்காயம் வதங்குவது எல்லாம் கேட்டன. "அம்மா! பக்கத்து வீட்ல வெங்காயம் வதக்கறாங்க!" என்று மாடியிலிருந்து கத்தினேன். "அது எனக்கு மூக்குலயே தெரியுதுடா" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

பெட்டியோடு எட்டு ஓட்டை வந்ததே தவிர எட்டு ஒயர் வரவில்லை. மைக் ஒயர் என்பது மூன்று கம்பி. மூன்றையும் இரண்டு முனையிலும் அதனதன் இடத்தில் பற்றவைக்க வேண்டும். அத்தா கையை நீட்டினார். "குடு, கடையில ஒட்டித் தரேன்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது ஆடியோத்தா, மோட்டார் இல்ல. நானே ஒட்டிக்கறேன்" என்றேன். ஒரே மத்தியானத்தில் எட்டு ஒயரையும் ஒட்டி முடித்தேன். ஏழாவதில் இரண்டு கம்பி இடம் மாறிவிட்டன. அன்று எனக்கு இது தெரியாது. உங்களிடம் மறைப்பானேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதையில் என்னைவிட முக்கியமானவர் மல்லிகா அக்கா. ஈ.சி.ஆர். பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார். "மீனேய்ய்ய்!" என்று அவர் தெருமுனையில் இழுக்கும்போதே மூன்றாவது தெருப் பூனைகள் கிளம்பிவிடும். தினமும் எங்கள் அம்மாதான் போணி. அன்றைக்குக் கூடையை வாசலில் இறக்கியவர், சங்கரா மீனை எடுத்துப் போடாமல் அம்மாவிடம் பொருமிக்கொண்டிருந்தார்.

"எங்க மூத்தாரு கீறாரே, எங்க வூட்டுக்காரரோட அண்ணாத்த, அவுரு ஊர்க் கூட்டத்துல நின்னுகினு இன்னா சொன்னாரு தெரியுமா? பொம்பள கொரலு ஸ்பீக்கர் கொயாயில நிக்காதாம்! ஆடி மாசம் கூழு ஊத்துற அன்னிக்கி வருசா வருசம் அவுருதான் மைக்கப் புடிச்சிகினு பாடுவாரு. பக்கத்து குப்பத்துல போன வருசமே சொந்தமா சீடி போட்டுட்டானுங்க. இந்த வருசம் நாமளும் போடணும்னு பேச்சு வந்திச்சி. நான் எயிந்து சொல்லிட்டேன். பாட்டக் கட்னது நானு, பாடப் போறதும் நான்தான்னு."

"குரல் நிக்கலன்னா?" என்றார் அம்மா.

"நிக்கலன்னா இனிமே கோயில் வாசல்ல வாயத் தொறக்க மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ட்டேன்."

அக்கா இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பாட்டு என்றால் அவருக்கு உயிர். மீன் கழுவும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர், வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நான் மாடிப்படியில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினேன்.

"அக்கா! நான் பண்ணித் தரேன்! என்கிட்ட எட்டு இன்புட் இருக்கு!"

மல்லிகா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனுக்கு ஒரே வாய்தான் கீது தம்பி" என்றார்.

அடுத்த வாரம் பதிவு. என்னிடம் இருந்த ஒரு மைக்கோடு வாடகைக்கு ஏழு மைக் எடுத்துவைத்திருந்தேன். மல்லிகா அக்கா, கூடப் பாட நான்கு பெண்கள், பம்பை அடிக்க ஒருவர் என்று ஆறு பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் படியேறும்போதே நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பம்பைக்கு இரண்டு மைக், நான்கு பெண்களுக்கு நான்கு, ஆக ஆறு. மிச்சம் இரண்டு ஓட்டை காலியாக என்னைப் பார்த்தன. இரண்டையும் மல்லிகா அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். ஒரே மாதிரி இரண்டு மைக்கை அருகருகே வைத்து, அத்தா கடை இன்சுலேஷன் டேப்பால் கட்டி, அக்காவின் வாய்க்கு நேரே நிறுத்தினேன். ஒன்றின் ஒலி இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு.

"ஒரு வாய்க்கு எதுக்குபா ரெண்டு மைக்கு?"

"ஸ்டீரியோக்கா!" என்றேன். எட்டு பச்சை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (சத்தியமாக.)

விசிறி சத்தம் போடும் என்று அதை நிறுத்திவிட்டேன். முட்டை அட்டைக்கு நடுவில் ஏழு பேரும் வெந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம், அதற்கு இடையில் ஒரு மின்சார ரயில். இரண்டுக்கும் இடையில் கிடைத்த இடைவெளியில் அக்கா பாடினார். பாட்டின் அமைப்பு எளிமையானது. அக்கா, "அலையத் தாண்டி வாடியம்மா, வலைய நெறச்சு..." என்று பாடி நிறுத்துவார். மற்ற நால்வரும் "தாடியம்மா!" என்று முடித்துவைப்பார்கள். வலையை நிறைத்துத் தா, அம்மா என்று பொருள். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் என் மானத்தை வாங்கியது.

பாடி முடித்ததும் ஹெட்போனை அக்காவின் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், சட்டென்று திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"இன்னா தம்பி, நான் எனுக்குப் பின்னாடி நின்னுகினு பாடற மாரி கீது?"

கம்பி இடம் மாறினால் குரல் அப்படித்தான் கேட்கும். இடத்தில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். ஒலியைப் பற்றி நாலு எழுத்து தெரிந்தவன் அந்த நொடியே ஒயரைப் பிடுங்கிப் பார்த்திருப்பான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அதாங்கா எட்டு இன்புட்டோட மகிமை" என்றேன். அக்கா பூரித்துப்போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக மாட்டிக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டார்கள்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. "பேஸ் மெஷின் எப்படிப் பாடுதுன்னு நானும் பார்க்கணும்" என்று அத்தாவும் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டையோடு அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். போகும் வழியெல்லாம், விழா முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொள்ளப் போகும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் என் யோசனை.

குப்பத்தில் கோயில் வாசலில் பந்தல். வேப்பிலை கட்டிய அண்டாக்களில் கூழ். தென்னை மரத்திலும் கம்பத்திலுமாக நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். பக்கத்துக் குப்பத்துப் பெரியவர்கள் விருந்தாளிகளாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா அக்கா மஞ்சள் புடவையில், தலை நிறையப் பூவோடு நின்றுகொண்டிருந்தார். மூத்தார் தோளில் துண்டோடு வந்து என் தோளைத் தட்டினார். நல்ல மனிதர்தான், சிரிக்கத்தான் மாட்டார்.

"பாக்கலாம் தம்பி, கொயா இன்னா சொல்லுதுன்னு."

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சீடியைக் கொடுத்தேன். சீடி பிளேயரின் பின்னாலிருந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஒயர். ஒன்றில் இடது, ஒன்றில் வலது. இரண்டும் ஆம்ப்ளிஃபயருக்குள் போய் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாகக் குழாய்களுக்குப் போயின. குழாய்க்கு ஏது இடது வலது? அன்று லோ வோல்டேஜ் வேறு. அவர் வால்யூமைக் கடைசி வரை திருகிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினார்.

பம்பை முழங்கியது. அடடா, என்ன துல்லியம்! கூட்டம் நிமிர்ந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பம்பை நின்று மல்லிகா அக்கா பாட வேண்டிய இடம் வந்தது.

ஒன்றும் வரவில்லை. எங்கோ கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல ஒரு சின்னச் சத்தம். அப்புறம் நான்கு பெண்கள் கணீரென்று சொன்னார்கள்:

"தாடியம்மா!"

மறுபடி மௌனம். மறுபடி, "தாடியம்மா!"

முன்வரிசையில் ஒருவர் காதைக் குடைந்துகொண்டார். மூன்றாவது "தாடியம்மா!"வுக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவர், "இன்னாபா இது, ஒங்க ஊரு அம்மனுக்குத் தாடியா?" என்றார். அவ்வளவுதான். முன்வரிசையில் பற்றிய சிரிப்பு கூழ் அண்டா வரை போனது. சிரித்தவர்களில் சிலரின் பார்வை என் பக்கத்தில் நின்றிருந்த அத்தாவின் மேல் விழுந்தது. எங்கள் அத்தாவுக்கு நெஞ்சு வரை தொங்கும் அருமையான தாடி. அவர் ஒவ்வொரு "தாடியம்மா!"வுக்கும் அதை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டார். சிரிப்பு இன்னும் கூடியது.

நான் மல்லிகா அக்காவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் குரல் இதோ வந்துவிடும் என்பது போல. மூத்தார் ஏளனம் செய்யவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "நான்தான் சொன்னேனே மல்லிகா. நிக்காது." அக்காவின் உதடு இறுகியது. நான் கண்ணில் தண்ணீர் வரப் பார்த்து மகிழ்ந்த எட்டு விளக்கும் சேர்ந்து, ஒரு பெண்ணின் வாயை ஆயுசுக்கும் பூட்டப் போகின்றன.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இரண்டு மைக்கில் ஒன்று தலைகீழ்! ஒரு கதவை ஒருவன் உள்ளேயிருந்து தள்ள, ஒருவன் வெளியேயிருந்து தள்ளினால் கதவு அசையாது அல்லவா? இடது குரலும் வலது குரலும் அப்படித்தான் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுகின்றன. ஹெட்போனில் தனித்தனிக் காது என்பதால் தெரியவில்லை. குழாயில் ஒன்றாகச் சேர்ந்ததும் இரண்டும் ஒழிந்துபோயின. எங்கள் தொழிலில் இதற்கு பேஸ் மாறிவிட்டது என்று பெயர். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் சரியாகிவிடும். கம்ப்யூட்டர் குரோம்பேட்டையில் இருக்கிறது.

"பேஸ்!" என்று அலறினேன். "அத்தா, பேஸ் மாறிடுச்சு! பேஸ் மாத்தணும்!"

அத்தாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒருவழியாக அவருக்குத் தெரிந்த வேலை! சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை உருவினார். (வீட்டை விட்டு வெளியே கிளம்பினால் அது இல்லாமல் கிளம்ப மாட்டார்.) "மெயின் எங்கே?" என்றார். பேஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் ஊரே உதவிக்கு வந்துவிட்டது. "அந்தாண்ட வாங்க பாய்!" என்று ஒருவர் வழிகாட்டினார். இரண்டு பேர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அத்தா, அந்த பேஸ் இல்ல!" என்று நான் பின்னால் ஓடுவதற்குள் மெயின் அணைந்தது. பாட்டு நின்றது. பந்தல் விசிறிகள் நின்றன. அரை நிமிடத்தில் அத்தா வேறு பேஸில் மாட்டிவிட்டு, டெஸ்டரைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கினார். அந்த பேஸில் கரண்ட் முழு வேகத்தில் வந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் கடைசி வரை திருகிய வால்யூமை அப்படியே விட்டுவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினார்.

இப்போது பம்பை இடி போல விழுந்தது. அதன்பின் மௌனம். அதன்பின் தென்னை மரத்துக் காக்கைகள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும்படி, "தாடியம்மா!!" முன்பு மெல்லக் காணாமல் போயிருந்த குரல், இப்போது ஊர் அதிரக் காணாமல் போனது. பக்கத்துக் குப்பத்தில் வீட்டோடு இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப கரெக்டா?" என்று அத்தா கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

நான் பதில் சொல்லுமுன் மல்லிகா அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜையை நோக்கி நடந்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

"நிறுத்துபா அந்தக் கர்மத்த! நான் பாடவும் வேணாம், நீங்க கேக்கவும் வேணாம்!"

சவுண்ட் சர்வீஸ்காரர் பயந்து பின்வாங்கினார். அக்காவுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது. பிளேயரின் பின்னால் கையை விட்டு, அகப்பட்டதைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு ஒயரில் சிவப்பு மட்டும்தான் கையோடு வந்தது.

"அலையத் தாண்டி வாடியம்ம்ம்மா!"

நான்கு குழாயிலிருந்தும் மல்லிகா அக்கா வெடித்துக் கிளம்பினார். கடைசி வரை திருகிய வால்யூம், அத்தா கொண்டுவந்த புதுக் கரண்ட், எட்டு இன்புட் பெட்டியின் துல்லியம், எல்லாம் அந்த ஒரு குரலில் சேர்ந்துகொண்டன. எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு குரலில் ஒன்றின் ஒயர்தான் கையோடு போய்விட்டதே! தடுக்க ஆளில்லாமல் மற்றது ஊருக்குள் பாய்ந்தது. அக்கா இரண்டடி பின்னால் துள்ளினார். கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தன் வாய் மூடித்தான் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வலைய நெறச்சு..." என்றது குழாய்.

"தாடியம்மா!" என்றது ஊர். ஆம், இந்த முறை ஊரே சொன்னது. பெண்கள் குலவை இட்டார்கள். பூசாரியின் மனைவிக்கு அங்கேயே சாமி வந்துவிட்டது. தாடி என்று கேலி பேசிய பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் யாரோ ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவரும் குதித்தார். மூத்தார் மட்டும் அசையாமல் நின்று, முதல் சரணம் முடியும் வரை கேட்டார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நிக்குதும்மா" என்றார். "நல்லாவே நிக்குது."

மல்லிகா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அன்று அந்தப் பாட்டை ஒன்பது முறை போட்டார்கள். ஒன்பது முறையும் சிவப்பு ஒயரை அவர் கையிலிருந்து விடவே இல்லை. விட்டால் குரல் போய்விடும் என்று பயம். சவுண்ட் சர்வீஸ்காரர் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கூழ் குடிக்கப் போய்விட்டார்.

நாங்களும் சொம்பில் கூழ் வாங்கிக் குடித்தோம். அத்தா தன்னால்தான் குரல் வந்தது என்று மூன்று பேரிடம் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அத்தா சொம்பை இறக்கினார்.

"ரெண்டு கம்பிய மாத்தி ஒட்டிட்டியா?"

"ஆமாத்தா."

"மோட்டாருக்கு ரெண்டு ஒயர மாத்திக் குடுத்தா என்னாகும்?"

"தலைகீழா சுத்தும்."

"எப்பச் சொல்லிக் குடுத்தேன்?"

"மூணாங்கிளாஸ் படிக்கும்போது."

அவர் மீதிக் கூழைக் குடித்துவிட்டு, "வைண்டிங் கடைக்காரன் புள்ள" என்று மட்டும் கடலைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாளே பேஸைச் சரிசெய்து, இரண்டு ஒயரிலும் பாடும் புது சீடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரில் வாங்க மறுத்துவிட்டார்கள். அம்மன் இறங்கியது பழைய சீடியில்தானாம். அடுத்த ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு முன் மல்லிகா அக்கா மஞ்சள் புடவையில் மேஜைக்கு வந்தார். இரண்டு வெறும் "தாடியம்மா!" போகவிட்டு, சிவப்பு ஒயரைப் பிடித்து இழுத்தார். குரல் வெடித்தது, குலவை எழுந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. இப்போது அது கூழோடு சேர்ந்த சடங்காகவே ஆகிவிட்டது. என் கம்பியில் நேர்ந்த பிழைக்கு வருஷத்துக்கு ஒருமுறை கற்பூரம் காட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அது வேறு மாதிரி தங்கிவிட்டது. யாராவது கோபித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தால், "ஒரு ஒயரப் புடுங்குங்க, குரல் வரும்" என்பார் அம்மா. என் கல்யாணத்தில் கூச்சத்தோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி அத்தா இதைச் சொல்லப்போக, பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் மைக் செட்காரரைத் தேடினார்கள்.

சில வருஷம் முன்பு குப்பத்தில் சீடி பிளேயரைக் கடாசிவிட்டு, பென் டிரைவ் செருகும் ஒற்றை ஸ்பீக்கர் வாங்கிவிட்டார்கள். கோயில் கமிட்டியினர் கவலையோடு என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஒயரே இல்லாத பெட்டியில் அக்கா எதைப் பிடுங்குவார்? ஒலிப்பதிவில் எனக்கு இன்று ஓரளவு பெயர் உண்டு. அந்தத் திறமை முழுவதையும் செலவழித்து, முதல் இரண்டு வரியில் மட்டும் மல்லிகா அக்காவின் குரலை வேண்டுமென்றே காணாமல் போகச் செய்து கொடுத்தேன். மூன்றாவது வரிக்குச் சரியாக இழுப்பதற்கு, மேஜைக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒயர் வேண்டும். அது எதிலும் சேராத ஒயர், சும்மா ஓர் ஆணியில் மாட்டியிருக்கும்.

அந்த ஒயரை ஒவ்வோர் ஆடிக்கும் அத்தாதான் கடையில் உட்கார்ந்து ஒட்டுகிறார். கண் சரியாகத் தெரிவதில்லை, கை வேறு நடுங்குகிறது. போன வருஷம், "குடுங்கத்தா, நான் ஒட்டறேன்" என்று கையை நீட்டினேன். அவர் ஒயரை மறுபக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எதுலயும் சேராத ஒயருதான்டா" என்றார். "ஆனா நீ ஒட்டினா அதுலயும் பேஸ் மாறிடும்."